மேல்வீட்டு அட்வான்ஸ்

பண்டாரவளை
12.08.2024

அன்புள்ள லரீபா மாமிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் மகள் இஸ்ராவும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? உங்கள் மகன் ஷாஹ்மிக்கு அந்த இருமல் விட்டதா?

போனில் பேசத்தான் பார்த்தேன். எந்த நேரம் எடுத்தாலும் ஷாஹ்மி "உம்மா தொழுறா" என்கிறான். அல்லாஹ் உங்கள் தொழுகையைக் கபூலாக்கட்டும். எழுத்தில் கேட்பதே நல்லது என்று உட்கார்ந்துவிட்டேன்.

பதுளையில் உங்கள் மேல்வீட்டுச் சாவியை ஷாஹ்மியிடம் கொடுத்துவிட்டு வந்து ஒரு மாதம் ஆகிறது. குடிவந்தபோது இஸ்ராவின் வாப்பா உங்களிடம் தந்த அட்வான்ஸ் ஒன்றரை இலட்சமும் இன்னும் வரவில்லை. அவர் திடீரென்று மௌத்தான பிறகு நான் அந்த வீட்டிலேயே இத்தா இருந்து முடித்தேன். வாசல் தாண்டாமல் கிடந்த அந்த மாதங்களில் கீழேயிருந்து சோறும் கறியும் அனுப்பினீர்கள். அதை மறக்கமாட்டேன்.

இப்போது என் கூடப்பிறந்த றிஸ்னி நானா வீட்டில் இருக்கிறோம். நானாவும் பஸ்லியா மதினியும் நன்றாகத்தான் பார்க்கிறார்கள். குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் பெண்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எவ்வளவு காலம் இருப்பது? ரோல்ஸ், பற்றிஸ் செய்து கடைகளுக்குப் போட்டால் எங்கள் இருவரின் பிழைப்பும் ஓடும். அதற்கு எனக்கென்று ஒரு குசினி வேண்டும். இங்கே ரயில் பாதைக்கு மேலே வீரசிங்கம் ஐயாவின் சின்ன வீடு ஒன்று காலியாக இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவர், நல்ல மனிதர். "தீபாவளி வரைக்கும் யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன்மா. அதுக்கு மேல என்னால முடியாதுங்க" என்றார். உங்களிடம் இருக்கிற காசை அவரிடம் கட்டினால் வீடு எனக்கு.

சீக்கிரம் ஒரு நல்ல பதில் எழுதுங்கள். ஷாஹ்மிக்கு ஸலாம்.

வஸ்ஸலாம்.
றுஸைனா


பதுளை
29.08.2024

மகள் றுஸைனாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். சுகம் விசாரித்தாய். முழங்கால் முன்னைவிட மோசம். நீ போன பிறகு மேல்வீட்டுப் படியில் ஏறி இறங்கியதுதான் காரணம். ஏறாமல் இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்காது, மனமும் நொந்திருக்காது.

சன்னல் சட்டமெல்லாம் ஆணி அடித்த ஓட்டை. அது என் வாப்பா காலத்துத் தேக்கு. மேசன், தச்சன் என்று இப்போது யாரைக் கூப்பிட்டாலும் வாயைத் திறந்து கேட்கிற காசு தெரியும்தானே. குசினிச் சுவர் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு, பெயின்ட் அடித்தாலும் பிடிக்காதாம். குளியலறைப் பேசினில் வெடிப்பு. அதோடு நீ இத்தா இருந்த மாதங்களின் வாடகையும் இருக்கிறது. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் உனக்குத் திருப்பித் தர ஒன்றும் மிஞ்சவில்லை. சந்தேகம் இருந்தால் வந்து பார்த்துக்கொள்.

வீரசிங்கத்தின் வீட்டுக்கு அவ்வளவு அவசரம் என்ன? இஸ்ராவுக்கு என் முத்தம். அவள் விட்டுப்போன குடை இங்கே இருக்கிறது, அதை நான் கழிக்கவில்லை.

வஸ்ஸலாம்.
லரீபா


பண்டாரவளை
02.09.2024

லரீபா மாமிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். சுகம் இல்லாதவர்களுக்கு இப்படி ஒரு கடிதம் எழுத வராது.

அந்த ஆணிகளை அடித்தது யார் மாமி? என் மாப்பிள்ளையின் மையித்தை அடக்கிவிட்டு வந்து ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. நான் மூலையில் சுருண்டு கிடந்தேன். நீங்கள்தான் ஷாஹ்மியைச் சுத்தியலோடு கூட்டிக்கொண்டு மேலே ஏறி வந்தீர்கள். "ரோட்டுப் பக்கம் ஆம்பிளயள் நிக்கிறாங்க, இத்தாவில ஈக்கிற புள்ளட நிழலும் வெளிய தெரியப்படா" என்று சொல்லிக் கறுப்புத் துணியைச் சன்னலுக்குச் சன்னல் வைத்து அடிக்கச் சொன்னீர்கள். திரைச்சீலை போதும் மாமி என்று நான் சொன்னது உங்கள் காதில் விழவே இல்லை. அத்தனை மாதம் காற்றில்லாமல் அந்த இருட்டில் கிடந்தது நான். இப்போது அந்த ஓட்டைக்குக் காசு கட்டுவதும் நானா?

வாடகைக் கதைக்கும் வருகிறேன். கொண்டுவந்து தந்தபோது கையைத் தட்டிவிட்டது நீங்கள். "இப்ப வாடகப் பேச்சு வேணாம் மகள்" என்றீர்கள். அப்போது கண்ணில் தண்ணீரும் இருந்தது. அதற்கும் சேர்த்து பில் போடுங்கள். பேசின் நாங்கள் குடிவரும்போதே வெடித்திருந்தது. ஷாஹ்மிக்கு நினைவிருக்கும், அவன்தான் வெள்ளைச் சீமெந்து பூசினான்.

இது வாப்பா இல்லாத யதீம் பிள்ளையின் காசு மாமி. ஹஜ்ஜுக்குப் போய் வந்த உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இஸ்ரா இங்கே படிக்கட்டில் உட்கார்ந்துதான் பாடம் எழுதுகிறாள். அங்கேதான் வெளிச்சம் நல்லது.

ஓட்டைக் கணக்கை நீங்களே வைத்துக்கொண்டு காசை அனுப்புங்கள்.

றுஸைனா


பதுளை
25.09.2024

மகள் றுஸைனாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். மழையில் நனைந்து காய்ச்சலில் படுத்துவிட்டேன், அதனால்தான் சுணங்கியது.

உன் கடிதத்தை ஷாஹ்மி வாசித்துக் காட்டினான். பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டேன். உன் வயதில் எனக்கும் நாக்கு நீளம், ஆனால் பெரியவர்களுக்கு நேரே நீட்டியதில்லை.

ஆணி யார் அடித்தால் என்ன, யாருக்காக அடித்தது? சுவரின் பிசுக்கைப் பற்றி நீ ஒரு சொல்லும் எழுதவில்லை. தண்ணீர் மோட்டரும் நீ போன பிறகு சத்தம் போடுகிறது. படிக்கட்டுக் கைபிடி ஆடுகிறது. முற்றத்துக் கொய்யா மரத்தில் கொடி கட்டிக் காயப்போட்டாய், அந்தக் கொப்பு இந்த வருடம் காய்க்கவே இல்லை. இதையெல்லாம் நான் எழுதாமல் விட்டிருந்தேன். நீ எழுத வைக்கிறாய்.

முடிவாகச் சொல்கிறேன், என்னிடம் உனக்குத் தர அட்வான்ஸ் இல்லை. உனக்குத் தனி வீடு வேண்டுமென்றால் உன் நானாவிடம் கேள். பண்டாரவளை டவுனில் கடை வைத்திருக்கிற மனிதர், கூடப்பிறந்த தங்கச்சிக்கு அட்வான்ஸ் கட்டித்தர அவரால் முடியாதா? இந்தக் கடிதத்தை அவருக்கும் காட்டு. கட்டாயம் காட்டு.

இஸ்ராவைப் படிக்கட்டில் இருக்க விடாதே, குளிர் பிடிக்கும்.

வஸ்ஸலாம்.
லரீபா


பண்டாரவளை
28.09.2024

லரீபா மாமிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்குச் சுகமில்லை என்று வாசித்தேன். அல்லாஹ் ஷிபா தரட்டும். கொய்யா மரத்துக்கும் சேர்த்துக் கேட்டிருக்கிறேன்.

அடுத்த கடிதத்தில் நான் விட்ட மூச்சுக்கும் காசு கேட்பீர்களா? வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதுகிறீர்கள். காசைத் தராமல் இருக்கக் காரணம் தேடுகிறீர்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

நீங்கள் சொன்னபடியே நானாவிடம் காட்டினேன். வாசித்துவிட்டு மடித்து என் கையில் தந்தார். பிறகு, "விடு தங்கச்சி, சல்லிக்காக ஒரு கெழவியோட சண்ட வேணாம். அல்லா வேற வழி காட்டுவான்" என்றார். அவர் அப்படித்தான். யாருடைய மனமும் நோகக் கூடாது அவருக்கு. அன்று இரவு சோறும் சாப்பிடவில்லை. உங்களால் என் நானா பட்டினி கிடந்தார்.

நான் விடவில்லை. அழுது அழுது கேட்டேன். கடைசியில் சரி என்றார். வருகிற மாதம் பத்தொன்பதாம் திகதி சனிக்கிழமை உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் வருகிறோம். விண்ணப்பம் கொடுத்தாயிற்று. எனக்காக நானாதான் பேசுவார்.

இங்கே இருக்கவும் எனக்குப் பஞ்சமில்லை. மதினி காஸ் ரெகுலேட்டரைக் கழற்றித் தன் அறையில் வைத்துக்கொள்கிறா, பிள்ளைகள் திருகி ஆபத்து வந்துவிடும் என்றுதான். கேட்டால் தருவா. ஆனால் தீபாவளி வந்துகொண்டிருக்கிறது, வீரசிங்கம் ஐயா வீட்டை இன்னும் இரண்டு பேர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பள்ளியில் சந்திப்போம்.

றுஸைனா


பண்டாரவளை
03.10.2024

என்றும் மதிப்புக்குரிய லரீபா மாமி அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு. எல்லாம் வல்ல அல்லாஹ் தங்களுக்கும் தங்கள் மகனுக்கும் நீண்ட ஆயுளையும் குறையாத ஆரோக்கியத்தையும் பரக்கத்தையும் தந்தருள்வானாக. தங்கள் முழங்கால் வலிக்காக ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் துஆச் செய்கிறேன்.

மாமி, றுஸைனா பள்ளிக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அங்கே தாங்கள் அந்த விஷயத்தைச் சொல்லிவிடக் கூடாது. என் செக் திரும்பிக் கடையை மூடுகிற நிலை வந்தபோது இஸ்ராவின் வாப்பா நிஸாம் மச்சான்தான் தங்களிடமிருந்து அட்வான்ஸ் முழுவதையும் திருப்பி வாங்கி என் கையில் தந்தார். தங்கச்சிக்குத் தெரியக் கூடாது என்று அவரே தங்களிடமும் கேட்டுக்கொண்டார். ஆறு மாதத்தில் தருவதாக இருந்தேன். அதற்குள் அவர் போய்விட்டார்.

பஸ்லியாவுக்கும் இது தெரியாது. இருக்கிற வீடு அவளுடைய சீதன வீடு. நான் கடன்பட்டது தெரிந்தால் றுஸைனாவையும் பிள்ளையையும் ஒரு நாள் வைத்திருக்கமாட்டாள். அவர்கள் எங்கே போவார்கள்? அவர்களுக்காகத்தான் கேட்கிறேன். கழிவுகளைக் கொஞ்சம் உறுதியாகச் சொல்லி நின்றால் நிர்வாகத்தார் பாதியாக முடித்துவிடுவார்கள்.

வியாபாரம் சரியானதும் பார்த்துக்கொள்வேன், இன்ஷா அல்லாஹ்.

தங்கள் துஆவை நாடும்,
றிஸ்னி


பதுளை
07.10.2024

றிஸ்னிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். ஸலாமும் துஆவும் ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாய். தருகிறேன் என்ற சொல்லை கண்ணாடி போட்டுத் தேடினேன், கிடைக்கவில்லை.

என் வயதில் நான் ஆணி ஓட்டையையும் கொய்யாக் கொப்பையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். யாருக்காக? அந்தப் பிள்ளை என்னைக் கள்ளி என்கிறாள், சொல்லாமல் சொல்கிறாள். என் மகன் வாசிக்க வெட்கப்படுகிறான். நிஸாம் அன்று இந்தக் கூடத்தில் நின்று, "மாமி, இத அவளுக்குச் சொல்லிராதீங்க, நானாட மொகம் கொறஞ்சி போயிரும்" என்றார். தன் முகத்தை அல்ல, உன் முகத்தைக் காக்கத்தான் கேட்டார். நான் வாக்குக் கொடுத்தேன். "உன் மாப்பிள்ளைதான் எடுத்தார்" என்று மட்டும் சொல்லித் தப்பியிருக்கலாம். எதற்கு எடுத்தார், யாருக்குக் கொடுத்தார் என்று அவள் மண்டையை உடைத்துக்கொள்வாள். பதில் சொல்ல அவர் இல்லை. மையித்தின் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை.

உனக்கு ஒன்றை நினைவுபடுத்துகிறேன். நிஸாமின் ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் சப்பு நிற்கும்போது எழுந்து நின்று பேசியது யார்? "மச்சான் யாருக்காவது கடன் குடுக்க ஈந்தா என்னிட்ட வாங்க, நான் பொறுப்பு" என்று ஊர் கேட்கச் சொன்னாயாம். ஷாஹ்மி அந்த வரிசையில் நின்றான். அவருக்கு வர வேண்டிய கடனை மடியில் வைத்துக்கொண்டு அவருடைய கடனுக்குப் பொறுப்பேற்றவனை நான் உன்னைத் தவிரக் கேள்விப்பட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு முன் நீயே உன் வாயால் அவளிடம் சொல். கடையில் இருப்பதை விற்றாவது காசைக் கொடு. பாதியாக முடிக்க நான் சந்தைக்கு வரவில்லை.

லரீபா


பண்டாரவளை
14.10.2024

மதிப்புக்குரிய மாமி அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ். தங்கள் கடிதம் கிடைத்தது. கோபத்தில் எழுதினாலும் தாங்கள் என் உம்மா மாதிரி.

இரண்டு முறை சொல்லத் தொடங்கினேன். ஒரு முறை பஸ்லியா வந்துவிட்டாள், மற்ற முறை இஸ்ரா பக்கத்தில் இருந்தாள். நேரம் பார்த்து, வியாழக்கிழமை கட்டாயம் சொல்கிறேன். இல்லாவிட்டால் பள்ளியிலேயே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

றிஸ்னி


பண்டாரவளை
02.11.2024

லரீபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமி என்று எழுதக் கை வரவில்லை. நாங்கள் மிக நல்ல சுகம்.

காசு கிடைத்தது என்று எழுதித் தரச் சொல்லி ஷாஹ்மி கேட்டான். இதுதான் அது. முழுக் காசும் கிடைத்தது. தீபாவளிக்கு முதல் நாள் வீரசிங்கம் ஐயாவிடம் கட்டிச் சாவியும் வாங்கிவிட்டேன். நேற்று என் குசினியில் அடுப்பு மூட்டினேன். இஸ்ராவுக்கு மேசை போட்டிருக்கிறேன்.

பள்ளியில் நடந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பெண்கள் பக்கத் திரைக்குள் என்னிடமிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தீர்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "மாமி, புள்ளட அட்வான்ஸ ஏன் குடுக்கல்ல?" என்று தலைவர் கேட்டார். வாயே திறக்கவில்லை நீங்கள். எங்கே போனது ஆணி, எங்கே போனது கொய்யா மரம்? எவ்வளவு நேரம் எல்லோரையும் காக்க வைத்தீர்கள்! பிறகு திரைக்குள்ளிருந்து, "றிஸ்னி, நீங்க ஒண்டும் சொல்லல்லயா?" என்றீர்கள். என்ன துணிச்சல்! என் நானாவுக்கே சவாலா? அவர் உங்கள் வயதுக்கு மதிப்புக் கொடுத்துத் தலையைக் குனிந்துகொண்டார். வேறொருவர் என்றால் அந்த இடத்திலேயே கிழித்திருப்பார். அதற்குப் பிறகுதானே, "குடுக்கிறேன், முழுக்கக் குடுக்கிறேன்" என்றீர்கள். ஒரு சதம் குறைக்கச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. களவு பிடிபட்டவர்கள்தான் அப்படி ஒத்துக்கொள்வார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நானா குழந்தை மாதிரி அழுதார். எனக்காக அழ இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான் மிச்சம். இந்த வீட்டில் முதல் சோறு அவருக்குத்தான் போட்டேன்.

ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்தி இரண்டு கேட்கிறேன். ஒன்று நானாவின் கடைக்குப் பரக்கத். மற்றது பதுவா, உங்கள் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறேன். யதீமின் காசைத் தின்னப் பார்த்த கைக்கு அல்லாஹ் ஒரு நாளும் நிம்மதி தரக் கூடாது என்று கேட்கிறேன். இஸ்ராவையும் ஆமீன் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

இனி நான் எழுதமாட்டேன், நீங்களும் எழுத வேண்டாம்.

றுஸைனா


பதுளை
09.11.2024

றிஸ்னிக்கு,

ஸலாம் எழுதவில்லை. சுகமும் கேட்கவில்லை. உனக்குச் சுகம் என்று தெரியும்.

மேலே ஒரு புதுக் குடும்பம் வந்திருக்கிறது. அவர்கள் தந்த அட்வான்ஸைத்தான் அப்படியே உன் தங்கச்சிக்குக் கொடுத்தேன். ஒரே அட்வான்ஸை நான் இரண்டு தரம் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். இவர்கள் போகிற நாளில் இவர்களுக்கு எதைக் கொடுப்பேன் என்று ஷாஹ்மி கேட்கிறான். உன்னிடம் வந்து கேட்கிறேன் என்று நின்றான், நான்தான் தடுத்தேன்.

பள்ளியில் நீ பேசுவாய் என்று கடைசிவரை நம்பினேன். அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். திரை ஓரத்தால் பார்த்தேன், விரிப்பின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாய். பேர் சொல்லிக் கேட்டும் தலையைத் தூக்கவில்லை. சரி, நானே சொல்லிவிடுவோம் என்று வாயெடுத்தேன். அப்போது இஸ்ரா திரையை நீக்கிக்கொண்டு உன்னிடம் ஓடி வந்து உன் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வாப்பா போன பிள்ளை. நான் சொல்லி முடித்தால் அந்த மடியும் இருக்காது. அதற்குப் பிறகு வேறு வழி தெரியாமல் குடுக்கிறேன் என்றுவிட்டேன். நீ என்னைத் தோற்கடித்ததாக நினைக்காதே. அந்தப் பிள்ளைதான் தோற்கடித்தாள்.

உன் தங்கச்சி எனக்கு எழுதியிருக்கிறாள். என்னைக் கள்ளி என்கிறாள், நான் கோபப்படவில்லை. அவளுக்கு வீடு கிடைத்துவிட்டது, எனக்கு அது போதும். இனி இந்த விஷயத்தை நான் யாரிடமும் பேசமாட்டேன். நிஸாமுக்குக் கொடுத்த வாக்கை அவருடைய கபுறு மண் காயும் முன்பு உடைக்கமாட்டேன்.

ஆனால் நீ ஒன்றைத் தெரிந்துகொள். அவள் ஐந்து வக்தும் கையேந்திப் பதுவாக் கேட்கிறாளாம். யதீமின் காசைத் தின்ற கைக்கு ஒரு நாளும் நிம்மதி தரக் கூடாது என்று கேட்கிறாள். இஸ்ரா பக்கத்தில் இருந்து ஆமீன் சொல்கிறாளாம். என் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறாள். அதனால் எனக்குப் பயமில்லை, அல்லாஹ்வுக்கு ஆள் மாறாது.

அதை நிறுத்தச் சொல்ல என்னால் முடியாது. நிறுத்த வேண்டுமென்றால் நீதான் அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பாள்.

லரீபா